சோதனை முடிந்தால் ரெப்போவைக் கழுவாதே, தூக்கிப் போடு

மொரீசியஸின் எபேனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் எழுதும் கருவி ஒரு கிட் ரெப்போவைத் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் களஞ்சியத்தைத்) திறந்து, பதிப்பு எண்ணை மாற்றி, கமிட் செய்து (மாற்றத்தை வரலாற்றில் பதிந்து), டேக் (அந்தப் பதிவுக்கு ஒரு பெயர்ச்சீட்டு) போடும். அதற்கு நூற்றுச் சொச்சம் தானியங்கிச் சோதனைகள். எல்லாமே ஒரே ஒரு மாதிரி (சாம்பிள்) ரெப்போவின் மேல் ஓடுகின்றன. ஒவ்வொரு சோதனை முடிந்ததும் டியர்டவுனில் (சோதனைக்குப் பின் ஓடும் துப்புரவுப் பகுதியில்) ‘கிட் ரீசெட் --ஹார்டு’ (கமிட் செய்யாத திருத்தங்களை எறிவது), பிறகு ‘கிட் க்ளீன் -எஃப்டிஎக்ஸ்’ (கிட் கண்காணிக்காத ஃபைல்களைப் பெருக்குவது). இதில் இரண்டு தொல்லை. வரிசையை மாற்றி ஓட்டினால் சில சோதனைகள் காரணமே இல்லாமல் விழுகின்றன. மற்றது கொஞ்சம் வயிற்றெரிச்சல்: முந்தாநாள் ஒரு புதுச் சோதனை சேர்த்து ஓட்டியதும், கருவியின் சொந்த ரெப்போவில் இரண்டு நாளாகக் கமிட் செய்யாமல் வைத்திருந்த திருத்தங்கள் காணாமல் போய்விட்டன. புதிதாக உருவாக்கிய ஃபைல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றனவாம். “எங்கே தப்பு? எப்படிப் பத்திரமாக ரீசெட் செய்வது?” என்பது கேள்வி.

தம்பி, போனதை மீட்கப் பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த ஃபோல்டரில் வேறு எதுவும் செய்யாமல், .கிட் (கிட் தன் வரலாற்றை வைக்கும் மறை ஃபோல்டர்) உட்பட முழுசாக ஒரு நகல் எடுத்து வை. போன திருத்தங்களில் எதையாவது ஒரு தடவையேனும் ‘கிட் ஆட்’ செய்திருந்தால் (அடுத்த கமிட்டில் சேர்க்கக் குறித்திருந்தால்) அந்த உள்ளடக்கம் .கிட்டுக்குள் அநாதையாகக் கிடக்கும். ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ போட்டால், .கிட்டுக்குள் லாஸ்ட்-ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில், அதர் என்ற உள்ஃபோல்டரில் வந்து விழும். ஃபைல் பெயர் இருக்காது, நீளமான ஹாஷ்தான் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம்) பெயர். உன் கோடில் உள்ள ஏதாவது ஒரு சொல்லை வைத்து கிரெப் (ஃபைல்களுக்குள் சொல் தேடும் கட்டளை) செய்து பார். இப்படி அநாதையான பொருள்களை (ஆப்ஜெக்டுகளை) கிட் வழக்கமாக இரண்டு வாரம் விட்டு வைக்கும், அதனால் இன்னும் நேரம் இருக்கிறது. ‘கிட் ஆட்’ செய்யவே இல்லை என்றால் கிட்டுக்கு அந்தத் திருத்தம் தெரியவே தெரியாது. ரீஃப்ளாக்கைத் தோண்டியும் பயனில்லை, அது கமிட்டுகளுக்கு இடையே நடந்த நகர்வை மட்டுமே எழுதி வைக்கும். அந்த நிலையில் எடிட்டர்தான் கதி. விஎஸ் கோடு என்ற எடிட்டரில் 2022 மார்ச்சில் வந்த 1.66 பதிப்பிலிருந்து, சேமித்த ஒவ்வொரு முறையும் உள்ளூர் வரலாறு ஒன்றை வைத்துக்கொள்கிறது. டைம்லைன் பகுதியைத் திறந்து பார்.

சரி, நடந்தது என்ன? புது ஃபைல்கள் பிழைத்தன, பழைய ஃபைல்களில் செய்த திருத்தம் மட்டும் போயிற்று என்றாயே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. நீ அனுப்பியதைப் பார்த்தால், உன் மாதிரி ரெப்போ, கருவியின் ரெப்போவுக்குள்ளேயே ஒரு பில்டு ஃபோல்டரில் இருக்கிறது. நீ சேர்த்த புதுச் சோதனை, ‘இது கிட் ரெப்போவே இல்லை’ என்ற பிழைச்செய்தி சரியாக வருகிறதா என்று பார்ப்பது. அதற்காக மாதிரி ரெப்போவின் .கிட் ஃபோல்டரை அழித்திருக்கிறாய். பிறகு டியர்டவுன் வந்தது. கிட் எப்போதும் நிற்கும் இடத்தில் .கிட்டைத் தேடும், இல்லையென்றால் ஒரு படி மேலே போய்த் தேடும், அங்கும் இல்லையென்றால் இன்னும் மேலே. இப்படி ஏறி ஏறி உன் சொந்த ரெப்போவைக் கண்டுபிடித்துவிட்டது. ரீசெட் ஹார்டு எந்த உள்ஃபோல்டரில் நின்று போட்டாலும் முழு ரெப்போவையும் திருப்பிவிடும். க்ளீன் அப்படியில்லை, நிற்கும் ஃபோல்டருக்குக் கீழே மட்டும்தான் பெருக்கும். அதனால்தான் வெளியே இருந்த புது ஃபைல்கள் தப்பின. ரெப்போவின் வேரில் நின்று ஓடியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இதைத் தடுக்க ஒரு சூழல் மாறி (நிரல் ஓடும்போது வெளியிலிருந்து படித்துக்கொள்ளும் அமைப்பு) இருக்கிறது: கிட்_சீலிங்_டைரக்டரீஸ். அதில் ஒரு ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால், அந்த ஃபோல்டருக்குள்ளோ அதற்கு மேலோ கிட் ஏறிப் போய்த் தேடாது. சோதனை ரெப்போவின் தாய் ஃபோல்டரை அதில் வை. அதைவிட முக்கியம், சோதனை ரெப்போவை உன் ரெப்போவுக்குள் வைக்கவே வைக்காதே. இயங்குதளத்தின் தற்காலிக ஃபோல்டருக்குப் போ. பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்ட் பயன்படுத்துகிறாய் என்றால் அது ஒவ்வொரு சோதனைக்கும் தனி ஃபோல்டர் தரும், கடைசி மூன்று ஓட்டத்தின் ஃபோல்டர்களை வைத்துக்கொண்டு பழையதை அதுவே அழிக்கும். விழுந்த சோதனையின் ரெப்போவைப் பிறகு திறந்து பார்க்கலாம் என்பது இதில் கூடுதல் லாபம்.

இனி முதல் தொல்லைக்கு வருவோம். காரணமில்லாமல் விழுவதாகச் சொல்கிறாய். காரணம் இருக்கிறது. ‘ரீசெட் ஹார்டும் க்ளீனும் போட்டால் ரெப்போ புதுசாகிவிடும்’ என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்த இரண்டும் சேர்ந்து திருப்புவது கண்காணிக்கப்படும் ஃபைல்கள், இண்டெக்ஸ் (அடுத்த கமிட்டுக்குக் குறித்தவற்றின் பட்டியல்), நிற்கும் பிராஞ்சின் (வேலைக் கிளையின்) முனை, கண்காணிக்கப்படாத ஃபைல்கள், அவ்வளவுதான். சோதனை உருவாக்கிய வேறு பிராஞ்ச் அங்கேயே இருக்கும். டேக் இருக்கும். டேக் போடும் கருவிக்கு இது ஒன்றே போதும்: ‘இந்த டேக் ஏற்கெனவே இருக்கிறது’ என்று அடுத்த சோதனை விழும், வரிசையை மாற்றினால் வேறொன்று விழும். ஸ்டாஷ் (தற்காலிகமாக ஒதுக்கி வைத்த திருத்தங்கள்) இருக்கும். ரெப்போவின் கான்ஃபிக்கில் எழுதியது, ரிமோட் (வேறிடத்து ரெப்போவின் முகவரி) சேர்த்தது, ஹூக் (கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஃபோல்டரில் போட்டது, இன்ஃபோ எக்ஸ்க்ளூடில் (புறக்கணிக்க வேண்டிய ஃபைல்களின் பட்டியலில்) சேர்த்த வரி எல்லாம் இருக்கும். இன்னொன்று: கமிட் செய்து முடித்தபின் வெறும் ரீசெட் ஹார்டு போட்டால் அந்தப் புதுக் கமிட்டுக்கே திரும்பும், ஆரம்பக் கமிட்டுக்கு அல்ல. ஆரம்ப ஹாஷைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாதியில் நிற்கும் மெர்ஜை (பிராஞ்ச் இணைப்பை) ரீசெட் ஹார்டு துடைத்துவிடும், ஆனால் பாதியில் நிற்கும் ரீபேஸைத் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவதைத்) துடைக்காது. சப்மாட்யூல்களுக்குள் (ரெப்போவோடு இணைத்த உள் ரெப்போக்களுக்குள்) சாதாரணமாகப் போகாது. க்ளீனோ, உள்ளே இன்னொரு கிட் ரெப்போ கிடந்தால் ஒற்றை எஃப்புக்கு அதைத் தொடாது, இரண்டு எஃப் வேண்டும். மறுபக்கம், காலி ஃபோல்டர்களை கிட் கண்காணிப்பதே இல்லை. உன் மாதிரியில் வேண்டுமென்றே வைத்த காலி ஃபோல்டரை க்ளீன் தின்றுவிடும், ரீசெட் திருப்பித் தராது.

இதற்கெல்லாம் ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். டேக்குகளை அழி, பிராஞ்சுகளை அழி, ஸ்டாஷைக் காலி செய்... நானும் ஒரு காலத்தில் அறுபது வரி டியர்டவுன் வைத்திருந்தேன். காவடி அன்றைக்குக் கோவிலில் ஏழு கறிச் சாப்பாடு போடுகிறார்கள். சாப்பிட்டு எழுந்தவர் இலையைக் கழுவித் துடைத்து அடுத்த பந்திக்கு யாராவது போடுகிறார்களா? இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் புது இலை போடுகிறார்கள். அறுபது வரியையும் அழித்துவிட்டு ஒரு சோதனைக்கு ஒரு ரெப்போ என்று மாறிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கிட்டை எழுதியவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். கிட்டின் சொந்தச் சோதனைகளில் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் ‘டிராஷ் டைரக்டரி’ என்றே பெயர் வைத்த தனி ஃபோல்டர் உருவாகும். ஹோம் சூழல் மாறியும் அந்தக் குப்பை ஃபோல்டரையே காட்டும். சோதனைகள் தேறினால், வேலை முடிந்ததும் மொத்தமும் போய்விடும். லிப்கிட்2 (மற்ற நிரல்களுக்குள் கிட் வேலைகளைச் செய்ய உதவும் நூலகம்) கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு .கிட் ஃபோல்டரைக் கமிட் செய்ய முடியாது என்பதால், மாதிரி ரெப்போக்களை .கிட்டெட் என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். சோதனை தொடங்கும்போது அதை ஒரு தனியிடத்துக்கு நகலெடுத்துப் பெயரை .கிட் என்று மாற்றிக்கொள்கிறார்கள். உன் கருவிக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை ஸ்கிரிப்ட் ஒன்று தாய் ரெப்போவை உருவாக்கட்டும், ஒவ்வொரு சோதனையும் அதன் நகலில் ஓடட்டும்.

நகல் எடுக்க ‘கிட் க்ளோன்’ போடலாமா, ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யலாமா? அதே வட்டில் இருக்கும் பாதையிலிருந்து க்ளோன் செய்தால் கிட் பொருள்களை நகலெடுக்காமல் ஹார்டு லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போட்டுக்கொள்ளும், அதனால் பெரிய ரெப்போவுக்கும் வேகம். ஆனால் க்ளோனில் உள்ளூர் பிராஞ்ச் ஒன்றுதான் வரும், ஆரிஜின் என்ற ரிமோட் புதிதாக முளைக்கும், ஸ்டாஷும் ஹூக்கும் கான்ஃபிக்கும் வராது. உன் சோதனைகளில் பல பிராஞ்ச் தேவைப்படுவதால் ஃபோல்டர் காப்பியே நல்லது. இரண்டு எச்சரிக்கை. காப்பியில் ஃபைல்களின் ஐநோடு எண்ணும் (வட்டில் ஃபைலின் அடையாள எண்) நேரமும் மாறிவிடுவதால் இண்டெக்ஸில் உள்ள குறிப்புகள் பொருந்தாது. ‘கிட் டிஃப்-ஃபைல்ஸ்’ போன்ற அடிமட்டக் கட்டளைகள் எதுவும் மாறாமலே மாறியதாகச் சொல்லும். காப்பி முடிந்ததும் ஒரு ‘கிட் ஸ்டேட்டஸ்’ ஓட்டினால் சரியாகிவிடும். அடுத்தது, தாய் ரெப்போவோடு ‘கிட் வொர்க்ட்ரீ’ (ஒரே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர் தரும் கட்டளை) வைத்து உருவாக்கிய ஃபோல்டர் ஏதும் இருந்தால் அதைக் காப்பி செய்யாதே. அதற்குள் இருக்கும் .கிட் என்பது மூல ரெப்போவைக் காட்டும் ஒரு சின்ன ஃபைல். வழக்கமாக அதில் முழுப் பாதை எழுதியிருக்கும். நகலில் செய்யும் கமிட் மூலத்தில் போய் விழும்.

வொர்க்ட்ரீ பற்றிச் சிலர், ‘சோதனைக்கு ஒரு வொர்க்ட்ரீ போட்டால் போதுமே’ என்பார்கள். போதாது. பிராஞ்ச், டேக், ஸ்டாஷ், கான்ஃபிக் எல்லாம் எல்லா வொர்க்ட்ரீக்கும் பொது. தனி அறை, ஆனால் ஒரே சமையல்கட்டு.

ரெப்போவைப் பிரித்தாயிற்று என்றாலும் சுற்றுச்சூழல் கசியும். எனக்கு நடந்த கதையைச் சொல்கிறேன். ஒரு நாள் என் பிராஞ்சில் ‘டெஸ்ட் யூசர்’ என்ற பெயரில் பதினான்கு கமிட் இருந்தது. முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சோதனைகளை ப்ரீ-கமிட் ஹூக்கிலிருந்து (கமிட்டுக்கு முன் ஓடும் ஹூக்கிலிருந்து) ஓட்டும்படி நான்தான் அமைத்திருந்தேன். ஹூக்கை ஓட்டும்போது கிட், கிட்_டிர், கிட்_இண்டெக்ஸ்_ஃபைல் போன்ற சூழல் மாறிகளை வைத்துவிடுகிறது. நான் வேலை செய்தது ஒரு வொர்க்ட்ரீயில் என்பதால் அதில் என் ரெப்போவின் முழுப் பாதையே இருந்தது. அந்த மாறி இருந்தால் கிட் எங்கும் தேடாது, நீ எந்த ஃபோல்டரில் நின்றாலும் சரி, அது சொல்லும் ரெப்போவில்தான் வேலை செய்யும். சீலிங் மாறியும் இங்கே உதவாது, தேடினால்தானே கூரை தடுக்கும்! ‘கிட் ரெவ்-பார்ஸ் --லோக்கல்-என்வ்-வார்ஸ்’ என்று கேட்டால் இப்படிப்பட்ட மாறிகளின் பட்டியலை கிட்டே தரும். சோதனையில் எந்த கிட் கட்டளையை ஓட்டும் முன்னும் அவை அத்தனையையும் நீக்கிவிடு.

அப்புறம் உன் சொந்தக் கான்ஃபிக். உன் மடிக்கணினியில் கமிட்டுக்குக் கையெழுத்துப் போடும் அமைப்பு இருந்தால், சோதனை கடவுச்சொல்லுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். ஒருவர் கணினியில் முதல் பிராஞ்சின் பெயர் மெயின், இன்னொருவர் கணினியில் மாஸ்டர். கிட் 2.32 பதிப்பிலிருந்து கிட்_கான்ஃபிக்_குளோபல், கிட்_கான்ஃபிக்_சிஸ்டம் என்று இரண்டு மாறிகள் உண்டு. முதலாவதை நீ எழுதிய சின்னக் கான்ஃபிக் ஃபைலுக்கும், இரண்டாவதை டெவ் நல் என்ற எப்போதும் காலியான ஃபைலுக்கும் திருப்பிவிடு. அந்தச் சின்ன ஃபைலில் பெயர், மின்னஞ்சல், முதல் பிராஞ்சின் பெயர், ‘ஜிசி.ஆட்டோ’ பூஜ்ஜியம், ‘மெயின்டனன்ஸ்.ஆட்டோ’ பொய் என்று ஐந்து வரி போதும். கடைசி இரண்டு எதற்கு? கமிட்டுகள் சேர்ந்தால் கிட் பின்னணியில் துப்புரவு வேலையைத் தொடங்கும். நீ ஃபோல்டரை அழித்துக்கொண்டிருக்கும்போது அது உள்ளே புது ஃபைல் எழுதும், ‘ஃபோல்டர் காலியாக இல்லை’ என்று அழிப்பு விழும். நூறு ஓட்டத்தில் ஒரு தடவைதான் நடக்கும் என்பதால் கண்டுபிடிக்கவே நாளாகும்.

நேரமும் ஒரு கசிவுதான், நம் ஊரில் இது தவறாமல் கடிக்கும். கமிட்டின் ஹாஷில் தேதியும் நேர மண்டலமும் சேர்ந்தே கணக்காகின்றன. மொரீசியஸில் உருவாகும் கமிட்டில் +0400 இருக்கும், சிஐ சர்வரில் (கோடு சேரும்போது சோதனைகளைத் தானாக ஓட்டும் சர்வரில்) பெரும்பாலும் +0000. எதிர்பார்க்கும் ஹாஷைச் சோதனையில் எழுதி வைத்திருந்தால் எபேனில் பச்சை, சிஐயில் சிவப்பு. (2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை நாமும் கோடை நேரம் என்று ஒரு மணி நேரத்தை நகர்த்திப் பார்த்தோம், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டோம். ‘எப்போதும் +0400’ என்று கோடில் எழுதுகிறவர்கள் அதை நினைவில் வைக்கலாம்.) கிட்_ஆத்தர்_டேட், கிட்_கமிட்டர்_டேட் இரண்டையும் நிலையாக வை. கிட்டின் சொந்தச் சோதனைகளில் கடிகாரம் 1112911993 என்ற நொடியில் தொடங்கி, ஒவ்வொரு அடிக்கும் 60 நொடி நகரும். அது 2005 ஏப்ரல் 7, கிட்டின் முதல் கமிட் பிறந்த அதே நொடி.

தமிழ்ப் பெயருள்ள ஃபைல்களையும் மாதிரியில் வைத்திருப்பதாகச் சொன்னாய், நல்ல காரியம். ‘கோவில்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டுகள் வேறு. மேக்கில் ‘கோர்.ப்ரீகம்போஸ்யூனிகோட்’ என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது, அதை ஆன் செய்து வை. ஸ்டேட்டஸ் வெளியீட்டில் தமிழ்ப் பெயர் எண்ணெண்ணாக வந்தால் ‘கோர்.க்வோட்பாத்’ அமைப்பை அணைத்துவிடு.

எல்லாம் சரி, ஆனால் ரெப்போ பல ஜிபி, ஒவ்வொரு சோதனைக்கும் நகலெடுக்க முடியாது என்பவர்களும் உண்டு. அவர்கள் ரீசெட்தான் செய்தாக வேண்டும். அப்போதும் கட்டளைக்கு முன்னால் ஒரு காவல் வேண்டும். ‘கிட் ரெவ்-பார்ஸ் --ஷோ-டாப்லெவல்’ தரும் பாதையும் நீ எதிர்பார்க்கும் பாதையும், சிம்லிங்க்குகளை (வேறு பாதையைக் காட்டும் குறுக்குவழிகளை) அவிழ்த்தபின், எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார். கூடவே, நீயே உருவாக்கி .கிட்டுக்குள் போட்ட ஒரு அடையாள ஃபைல் அங்கே இருக்கிறதா என்றும் பார். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ரீசெட் செய்யாதே, மொத்தச் சோதனை ஓட்டத்தையும் அங்கேயே நிறுத்து. உன் டியர்டவுனில் இந்த இரண்டு சோதிப்பும் இருந்திருந்தால் உன் இரண்டு நாள் வேலை போயிருக்காது. காவலைத் தாண்டியதும் முதலில் ஆரம்ப பிராஞ்சுக்குக் கட்டாயமாக மாறி ஆரம்ப ஹாஷுக்கு ரீசெட், பிறகு இரட்டை எஃப்போடு க்ளீன், பிறகு தொடக்கத்தில் ‘கிட் ஃபார்-ஈச்-ரெஃப்’ வைத்து எடுத்த ரெஃப் பட்டியலோடு (பிராஞ்ச், டேக் போன்ற பெயர்களும் அவை காட்டும் ஹாஷும்) இப்போதைய பட்டியலை ஒப்பிட்டு, முளைத்ததை அழித்து, நகர்ந்ததைத் திருப்பு. ‘கிட் அப்டேட்-ரெஃப் --எஸ்டிடிஇன்’ இதை ஒரே மூச்சில் செய்யும். கான்ஃபிக் ஃபைலையும் ஹூக் ஃபோல்டரையும் எடுத்து வைத்த நகலால் மாற்று.

இண்டெக்ஸ்.லாக் (கிட் வேலை செய்யும் நேரத்தில் மட்டும் வைக்கும் பூட்டு) ஃபைல் கிடந்தால்? 2024 ஜனவரியில் பெலால் புயலன்று, போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த அதே பிற்பகல், எங்கள் பக்கம் மின்சாரம் போய் சோதனை நடுவில் செத்தது. மறுநாள் எல்லாச் சோதனையும் ‘இன்னொரு கிட் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று விழுந்தன. டியர்டவுனிலேயே லாக்கை அழித்துவிடும் வரியைச் சேர்க்க ஒரு நண்பர் சொன்னார். அதைச் செய்யாதே. உண்மையிலேயே இன்னொரு கிட் ஓடும்போது அந்த வரி இண்டெக்ஸைக் கெடுக்கும். லாக் கிடந்தால் அந்த நகலையே எறிந்துவிட்டுத் தாய் ரெப்போவிலிருந்து புதுசு எடு. பெரிய ரெப்போவாக இருந்தாலும் இந்த ஒரு நாளைக்கு அந்தச் செலவைத் தாங்கலாம்.

விண்டோஸில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி: கிட் பொருள் ஃபைல்கள் படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும், அழிக்கும் முன் அந்தக் குறியை நீக்கு.

மாற்றங்களைச் செய்து முடித்ததும் சோதனைகளை வரிசை குலைத்து இருபது தடவை ஓட்டிப் பார். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உன் சொந்த ரெப்போவின் ஸ்டேட்டஸையும் ரெஃப் பட்டியலையும் எடுத்து ஒப்பிடு. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கசிவு இருக்கிறது. அதற்கு முன்னால் மறக்காமல் உன் வேலையைக் கமிட் செய்துவிடு. லாஸ்ட்-ஃபவுண்டில் என்ன கிடைத்தது என்று எழுது.